கடாரத்து மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்ளே,

இத்தனை நாள் பதில் போடாததற்குத் திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் அப்படியே.

இப்போது எழுத வைத்தவள் என் பெண், உன் மருமகள். சோழர் பாடம் படித்துக்கொண்டிருந்தவள், "கடாரத்துல யாருப்பா ராஜா?" என்றாள். கடாரம் என்றால் நீ இருக்கும் மலேசியாவின் கெடாதான். சங்கிராம விசயோத்துங்கன் என்று கெத்தாகச் சொன்னேன். சோடாபுட்டி சார் அடித்து ஏற்றிய ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" மறக்குமா? அவள் விடவில்லை. "அந்த ஊர் ஜனங்க எந்தச் சாமியைக் கும்பிட்டாங்க? தோத்த பிறகு என்ன ஆனாங்க?" எனக்கு வாயடைத்துவிட்டது.

தேடிப் படித்தேன். கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜயம் சுமத்ராவின் பலெம்பாங்கில் எழுந்து, மலாக்கா நீரிணையில் போன கப்பல்களை நூற்றாண்டுக்கணக்கில் பிடிக்குள் வைத்திருந்த அரசு. 7ஆம் நூற்றாண்டிலேயே சீனத் துறவி இ-சிங் நாலந்தாவுக்கு வரும் வழியில் அங்கே தங்கி சமஸ்கிருதம் படித்திருக்கிறார். அந்த வம்சத்தார் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் கட்ட, ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதி வைத்தான். அப்பன் ஊரைக் கொடுக்கிறான், பிள்ளை ராஜேந்திரன் 1025இல் படையை அனுப்புகிறான்! நடுவில் என்ன நடந்தது? சீன வாணிகப் போட்டி என்கிறார்கள் பலர். நல்ல வாத்தியார் கையில் கிடைத்தால் ஒரு வாரம் நடத்துவார். நமக்கோ அந்தப் பக்கமெல்லாம் நாம் போய் ஜெயித்த இடம், அவ்வளவுதான். கம்போடியாவின் அங்கோர், ஜாவாவின் மஜாபாகித் எல்லாம் டூர் நோட்டீஸில் பார்த்த பெயர்கள்.

அதைவிட உறுத்துவது சயாம் ரயில். ஹிட்லருக்கும் ஹிரோஷிமாவுக்கும் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவர்கள் நாம். ஜப்பான்காரன் 1942-43இல் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் பாதையில், மலாயா தோட்டத்துத் தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் கொத்துக்கொத்தாகச் செத்ததை, உன் கல்யாணத்துக்கு வந்தபோதுதான் கேள்விப்பட்டேன். போய்த் திரும்பாத தன் அப்பாவைப் பற்றி உன் மாமனார் இலையில் கைவைக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தாரே. அந்தப் பாதை போன தாய்லாந்துக் காஞ்சனபுரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்த கல் வரிசையாக இருக்கிறது. நம்மவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பட்டியல்கூடக் கிடையாது. அவர் சொன்னதையெல்லாம் போனில் பதிவு செய்து வை. தள்ளிப்போடாதே.

சரி, இன்னொரு வேலை. பழைய கடாரத்தின் இடிபாடுகள் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு உனக்குக் கூப்பிடு தூரம், நீ எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டாய். மெர்போக் மியூசியத்தையும், சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளையும் பார்த்துவிட்டு உன் மருமகளுக்கு எழுது. உன் பையனின் செஜாரா (வரலாறு) புத்தகத்தில் ராஜேந்திரனைப் பற்றி ஏதாவது இருந்தால் படமெடுத்து அனுப்பு. மலாய் எனக்கு வராது, அர்த்தத்தையும் நீயே சொல். திட்டியிருந்தாலும் மழுப்பாதே.

வரும்போது அம்மாவுக்குக் கோடாலித் தைலம் வாங்கி வா.

உன்,
முட்டைக்கோஸ்