கதவைத் தட்டும்முன் உள்ளே யார் என்று கேட்ட ஷெரிஃப்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க ஷெரிஃப் பற்றித் தமிழில் வரும் செய்திகளில் துப்பாக்கியும் தேடுதல் வேட்டையும்தான் அதிகம் இடம்பிடிக்கின்றன. சென்னையில் ஒரு காலத்தில் இருந்த ஷெரிஃப் பதவி கௌரவப் பதவி. அதை வைத்தும் அமெரிக்க ஷெரிஃபைப் புரிந்துகொள்ள முடியாது. சிகாகோ நகரம் அடங்கிய குக் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) சிறையை நடத்துவது, நீதிமன்றங்களுக்குக் காவல் போடுவது, சம்மன் கொடுப்பது, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் ஆணைகளை நிறைவேற்றுவது ஆகிய எல்லாம் ஷெரிஃப் அலுவலகத்தின் பொறுப்பு. ஷாம்பர்க், ஹாஃப்மன் எஸ்டேட்ஸ் போன்ற ஊர்களுக்குத் தனிப் போலீஸ் உண்டு. எந்த ஊர் நிர்வாகத்திலும் சேராத பகுதிகளைத்தான் ஷெரிஃபின் போலீஸ் முக்கியமாகக் கவனிக்கிறது.

தாமஸ் டார்ட் 2006-ல் இந்தப் பதவிக்குத் தேர்வாகி, 4 ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் தேர்தலில் 2022 வரை ஐந்து முறை வென்றவர். எத்தனை பேரைக் கைது செய்தார் என்று எண்ணினால் அவர் செய்த வேலை பிடிபடாது. வீட்டு வாசலில் என்ன நடந்தது, சிறைக்குள் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

2008-ல் வீட்டுக்கடன் சரிவு. கடன் கட்டாத உரிமையாளர் மீது வங்கி வழக்குப் போட்டு வீட்டை எடுத்ததும், காலி செய்யும் ஆணை ஷெரிஃப் கைக்கு வரும். ஆணையில் இருப்பது கடனாளியின் பெயர். கதவைத் திறப்பவரோ பல இடங்களில் வாடகைக்குக் குடியிருந்தவர். மாதாமாதம் வாடகையைச் சரியாகக் கட்டியிருப்பார்; வீடு வங்கியிடம் போனதே அவருக்குத் தெரிந்திருக்காது. சிகாகோ இருக்கும் இல்லினாய்ஸ் மாநிலத்தின் சட்டம் அவருக்கு 120 நாள் அவகாசம் கொடுத்திருந்தது. உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்று விசாரித்துச் சொல்ல வேண்டியது கடன் கொடுத்தவரின் கடமை. அந்த வேலையைச் செய்யாமலே பலர் ஆணை வாங்கிவந்தார்கள். கட்டில், மெத்தை, குழந்தையின் பள்ளிப் பை எல்லாம் நடைபாதைக்கு வரும் நேரத்தில்தான் தவறு தெரியும்.

2008 அக்டோபர் 8 அன்று, இத்தகைய ஆணைகளை இனி நிறைவேற்றப் போவதில்லை என்று டார்ட் அறிவித்தார். வங்கியாளர் சங்கம் அவர் சட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்வதாகக் குற்றம் சாட்டியது. நீதிமன்ற அவமதிப்பு ஆகும் ஆபத்தும் இருந்தது. குடியிருப்பவருக்குப் பாதுகாப்பான நடைமுறை அமைந்த பிறகே வேலையை மீண்டும் தொடங்கினார். நீதிமன்ற ஆணையை ஓர் அதிகாரி நிறுத்திவைப்பது நல்ல வழக்கம் அல்ல. ஆனால் ஆணையே தவறான ஆளின் கதவைத் தட்டும்போது அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். மறு ஆண்டு மே மாதம் வந்த கூட்டாட்சிச் சட்டம் இத்தகைய வாடகைதாரருக்கு நாடு முழுவதும் 90 நாள் அவகாசம் தந்தது. 2014 இறுதியில் காலாவதியான அந்தச் சட்டம் 2018-ல் நிரந்தரமானது.

இங்கே குக் கவுண்டியில் வாடகைக்கு இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு விஷயம். வாடகை பாக்கி என்றால் உரிமையாளர் முதலில் 5 நாள் எழுத்து நோட்டீஸ் தர வேண்டும், பிறகு வழக்கு, பிறகு ஆணை. குக் கவுண்டியில் ஆளை வெளியேற்ற ஷெரிஃப்தான் வரவேண்டும். உரிமையாளர் தானே பூட்டை மாற்றுவதும் மின்சாரத்தைத் துண்டிப்பதும் சட்டவிரோதம். வெளியே 15 டிகிரி ஃபாரன்ஹீட்டோ (செல்சியஸில் சுமார் மைனஸ் 9) அதற்குக் கீழோ குளிர் இருந்தால் அன்று யாரையும் வெளியேற்றுவதில்லை.

அடுத்தது சிறை. 26-ஆம் தெருவும் கலிஃபோர்னியா அவென்யூவும் சந்திக்கும் இடத்தில் 96 ஏக்கர். உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் விசாரணைக்குக் காத்திருப்போர். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனநோய் என்பது அலுவலகமே சொல்லிவந்த கணக்கு. பழைய ஜாமீன் முறையில் 5,000 டாலர் ஜாமீனுக்குப் பத்தில் ஒரு பங்கு, 500 டாலர், கட்டினால் வெளியே போகலாம். அந்த 500 இல்லாதவர் மாதக்கணக்கில் உள்ளேயே கிடப்பார். 2023 செப்டம்பர் 18-ல் பண ஜாமீன் இல்லினாய்ஸில் ஒழிந்தது. அதற்கு முன்பே, உள்ளே வருபவரிடம் மனநோய் பற்றி முதல் நாளே விசாரிப்பதும், ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டில் அங்கேயே சேர்ப்பதும் இந்தச் சிறையில் நடந்தன. காப்பீடும் மருந்தும் இல்லாமல் வெளியே போகிறவர் திரும்பி வருவார் என்பது சிறையில் வேலை செய்யும் எவருக்கும் தெரியும். 2015-ல் நெகா ஜோன்ஸ் டாபியா என்ற மருத்துவ உளவியலாளரைச் சிறைத் தலைவராக டார்ட் நியமித்தது இந்த அறிவில்தான்.

பழைய வழக்கு ஒன்றையும் டார்ட் மீண்டும் எடுத்தார். ஜான் வேய்ன் கேசி என்ற தொடர் கொலைகாரன் 1970-களில் கொன்ற 33 பேரில் எட்டுப் பேர் யாரென்றே தெரியாமல் புதைக்கப்பட்டிருந்தார்கள். 2011-ல் டார்ட் அலுவலகம் எலும்புகளைத் தோண்டியெடுத்து டிஎன்ஏ பிரிக்க அனுப்பியது. அந்தக் காலத்தில் பிள்ளைகளைத் தொலைத்த குடும்பங்களை வரச் சொன்னது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்துக் கொடுத்தால் போதும். 2011, 2017, 2021 ஆகிய ஆண்டுகளில் மூவருக்குப் பெயர் கிடைத்தது. இறந்ததாகக் கருதப்பட்ட சிலர் உயிருடன் இருப்பதும் தெரிந்தது. சான் பிரான்சிஸ்கோவில் 1979-ல் கிடைத்த அடையாளமற்ற உடல் ஒன்றுக்கும் இதே முயற்சியில் பெயர் வந்தது.

குறைகளும் உண்டு. 2020 ஏப்ரலில் அந்தச் சிறை நாட்டின் பெரிய கொரோனா மையங்களில் ஒன்றானது. சோப்பு, பரிசோதனை, இடைவெளி பற்றிக் கூட்டாட்சி நீதிபதி உத்தரவிட வேண்டிவந்தது. 2015-ல் பாலியல் விளம்பரங்கள் வந்த பேக்பேஜ் என்ற இணையதளத்தை முடக்க, அங்கே தங்கள் அட்டைகளை ஏற்பதை நிறுத்தும்படி விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்களுக்கு டார்ட் ஷெரிஃப் என்ற முறையில் கடிதம் எழுதியதைப் பேச்சுரிமைக்கு எதிரான மிரட்டல் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கண்டித்தது. அவருடைய நோக்கம் நல்லது. ஆனால் வாரண்ட் இல்லாமல் பதவியின் பெயரால் நெருக்குவது நாளை யார் மீதும் பாயலாம். நீதிமன்றம் சொன்னதே சரி.

கடைசியாக ஒன்று. “ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், ஜூரிப் பணிக்கு நீங்கள் வரவில்லை, வாரண்ட் இருக்கிறது, கிஃப்ட் கார்டில் பணம் கட்டுங்கள்” என்று போன் வந்தால் அது மோசடி. எந்த ஷெரிஃப் அலுவலகமும் போனில் பணம் கேட்காது. பேச்சை வளர்க்காமல் இணைப்பைத் துண்டித்துவிட்டு, நீங்களே அலுவலகத்தின் எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிட்டுக் கேளுங்கள். வந்த எண்ணுக்கே திருப்பிக் கூப்பிட வேண்டாம்.

இப்படிக்கு,
குக் கவுண்டி வாசகர்