சளிப் பரிசோதனை காசநோயுடன் நின்றுவிடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத் தோட்டங்களில் ஒரு பிள்ளைக்கு இருமலும் சளியும் நீடித்தால் முதலில் காசநோய்ப் பரிசோதனை செய்வது முறையானதே. அதில் ஒன்றும் இல்லையெனத் தெரிந்த பின்னரும் காரணத்தைத் தேடாமல் மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதே கவலைக்குரியது.

அத்தகைய காரணங்களுள் ஒன்றான சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோய் ஐரோப்பியருக்கே உரியதென்ற எண்ணம் தவறானது. அது தெற்காசியரிடமும் காணப்படுகிறது. இதற்குக் காரணமான மரபணு 1989 இல் அடையாளங்காணப்பட்டது. அது பழுதடையும்போது நுரையீரல் சளி பசைபோலத் தடித்து, கிருமிகள் நிலையாகக் குடியேறுகின்றன. சிறுவயதில் பெரும்பாலும் ஸ்டபிலோகொக்கஸும் பின்னர் சூடோமோனாஸும் ஆதிக்கம் செலுத்துகின்றன. ஆய்வுகூடத்தில் கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் சாதாரண வளர்ப்பூடகத்தில் சூடோமோனாஸ் விரைந்து பரவி, மெதுவாக வளரும் பர்க்கோல்டேரியா என்ற பக்டீரியாவை மறைத்துவிடக்கூடும் என்பதால், மற்றக் கிருமிகளைத் தடுத்து அதனை வளரவிடும் தெரிவு வளர்ப்பூடகம் தேவை. அஸ்பர்ஜிலஸ் போன்ற பங்கசுக்களுக்கும் தனி ஊடகமும் கூடுதல் நாட்களும் வேண்டும். காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த, ஆனால் காசநோயை உண்டாக்காத மைக்கோபக்டீரியாக்களோ நுணுக்குக்காட்டியில் அக்கிருமியைப் போலவே தோன்றுவதால், வளர்ப்பு அல்லது மரபணுச் சோதனையின்றி அவற்றைப் பிரித்தறிய முடியாது. இலங்கையில் பதிவாகியுள்ள, மண்ணிலும் நீரிலும் வாழும் பக்டீரியாவால் வரும் மெலியோய்டோசிஸ் நோயும் காசநோயென மயங்கவைக்கும் ஒன்றே.

ஆகவே, நோயாளியின் பின்னணியையும் தேடவேண்டிய கிருமிகளையும் வைத்தியர் பரிசோதனைப் படிவத்தில் எழுதியனுப்ப வேண்டும். இல்லையேல் ஆய்வுகூடம் வழமையான சோதனையுடன் நிறுத்திக்கொள்ளும். சளி மாதிரி 2 மணித்தியாலங்களுக்குள் ஆய்வுகூடத்தைச் சேர்வது நல்லது. மண்சரிவில் பாதை மூடப்படும் எமது பகுதிகளில் அது எளிதன்று என்பதால், மாதிரிகளைக் குளிரூட்டிக் கண்டி, பதுளை போன்ற நகரங்களுக்குக் கொண்டுசெல்லும் ஒழுங்கொன்றைச் சுகாதார அதிகாரிகள் ஏற்படுத்த வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
ஹட்டன்.