ராணுவத்தை அழைக்கும் அதிகாரம் யாருக்கு என்பதை மக்களுக்குத் தமிழில் அறிவிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்,
கல்லுக்கட்டிப் பகுதிக் குடியிருப்போர், வியாபாரிகள் சார்பில்,
காரைக்குடி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் மற்றும் மாவட்ட நடுவர் அவர்கள்,
சிவகங்கை.

பொருள்: கூட்டத்தைக் கலைக்க ஆயுதப் படைகளைப் பயன்படுத்தும் சட்டப் பிரிவுகளை அறிவிப்பது, உத்தரவுகளை எழுத்தில் பதிவு செய்வது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்தல் நேரத்தில் துணை ராணுவப் படையினர் காரைக்குடியில் கொடி அணிவகுப்பு நடத்துவது வழக்கம். மக்களுக்குத் தைரியம் சொல்லத்தான் அது நடக்கிறது. ஆனால் கடந்த முறை "மிலிட்டரி இறங்கிடுச்சு, வெளியே வந்தா சுடுவாங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ சுற்றியது. கல்லுக்கட்டியில் பல கடைகள் ஷட்டரை இறக்கிவிட்டன. எங்கள் தெரு ஆச்சி ஒருவர் முகப்பில் விளையாடிக்கொண்டிருந்த பேரனை வளவுக்குள் இழுத்துப் போய்க் கதவைத் தாழிட்டார். வந்தவர்கள் யார், யார் உத்தரவில் வந்தார்கள் என்று எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

சீருடை நமக்குப் புதிதல்ல. இலுப்பக்குடியில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் பயிற்சி மையமே இருக்கிறது. நமக்குத் தெரியாமல் இருப்பது சட்டம்தான்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148 முதல் 151 வரையிலான பிரிவுகள் இதைப் பற்றியவை. சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைப்பது முதலில் காவல்துறையின் வேலை. வேறு வழியில் கலைக்க முடியாது, பொதுப் பாதுகாப்புக்கு அது அவசியம் என்ற நிலை வந்தால் மட்டும், அந்த இடத்தில் இருக்கும் மாவட்ட நடுவரோ அவர் அதிகாரம் அளித்த நிர்வாக நடுவரோ (வட்டாட்சியர் போன்ற அதிகாரி) ஆயுதப் படையை அழைக்கலாம். இந்தப் பிரிவுகளில் ஆயுதப் படை என்பது தரைப்படையாகச் செயல்படும் முப்படைகளையும் மத்திய அரசின் பிற ஆயுதப் படைகளையும் குறிக்கும். வருகிற படை மிகக் குறைந்த பலத்தையே பயன்படுத்த வேண்டும். ஆளுக்கும் சொத்துக்கும் மிகக் குறைந்த சேதமே ஏற்படலாம். நடுவரைத் தொடர்புகொள்ளவே முடியாத ஆபத்தான நேரத்தில் படை அதிகாரி தானாக இறங்கலாம். ஆனால் தொடர்பு கிடைத்ததும் நடுவர் சொன்னபடிதான் நடக்க வேண்டும். ஆக, சீருடை எதுவானாலும் கடைசிச் சொல் சிவில் அதிகாரியுடையது. 1997இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும், ராணுவம் சிவில் நிர்வாகத்துக்கு உதவ வரலாமே தவிர அதன் இடத்தைப் பிடிக்க முடியாது என்றது.

இதை நம் பகுதி மறக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் தேவகோட்டை நீதிமன்றம் எரிந்தது. திருவாடானை சிறையை மக்கள் உடைத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் நம் சீமை உயிர்களைப் பறிகொடுத்தது. அதே மாதம்தான் வைஸ்ராய் லின்லித்கோ ஒரு அவசரச் சட்டம் போட்டு, உயிர் போகும் அளவுக்குப் பலத்தைப் பயன்படுத்த உத்தரவிடும் அதிகாரத்தை கேப்டன் நிலைக்குக் குறையாத ராணுவ அதிகாரிகளுக்குக் கொடுத்தார். 1958ஆம் ஆண்டின் ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் அந்த வழியில் வந்ததே. அது வடகிழக்கு மாநிலங்களுக்கானது, தமிழ்நாட்டில் கிடையாது. இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தாலே அந்த ஆடியோவை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

சட்டம் சரியாக இருந்தும் எனக்குள்ள கவலை, உத்தரவு போடும் இடத்தைப் பற்றியது. 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர் உயிரிழந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில், உத்தரவு கொடுத்தவர்களாக முதல் தகவல் அறிக்கைகளில் இடம்பெற்றவர்கள் துணை வட்டாட்சியர்கள். பட்டா, சாதிச் சான்றிதழ் வேலையில் மூழ்கியிருக்கும் ஒருவர், கூட்டத்தின் நடுவே சில நிமிடங்களில் இப்படி ஒரு முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது. அப்புறம் ஆயுதப் படையை அழைத்துத் தவறு நடந்தால், 151ஆம் பிரிவின்படி மத்திய அரசின் அனுமதி இல்லாமல் அந்தப் படையினர் மீது வழக்குத் தொடர முடியாது. காரைக்குடியில் மகனைப் பறிகொடுத்தவர் டெல்லியின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். அவர் கையில் ஆதாரமாக இருக்கப்போவது, அன்று யார், எத்தனை மணிக்கு, என்ன காரணத்தால் உத்தரவு போட்டார் என்ற எழுத்துப் பதிவு மட்டுமே.

எனவே தாங்கள் இந்த நான்கு பிரிவுகளையும் எளிய தமிழில் அச்சிட்டு, காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாட்சியர் அலுவலகங்களின் அறிவிப்புப் பலகைகளில் ஒட்டச் செய்ய வேண்டுகிறோம். கொடி அணிவகுப்புக்கு முதல் நாளே எந்தப் படை, எதற்காக, யாருடைய பொறுப்பில் வருகிறது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தால் வதந்திக்கு இடமிருக்காது. நிர்வாக நடுவர்களாகச் செயல்படும் வட்டாட்சியர், துணை வட்டாட்சியர் அனைவருக்கும் காவல்துறையோடு சேர்த்து ஆண்டுக்கு ஒரு முறையாவது இதில் பயிற்சி தர வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, ஆயுதப் படையை அழைக்க 149ஆம் பிரிவில் உத்தரவிடும் நிலை எப்போதாவது வந்தால், நேரமும் காரணமும் கையெழுத்தும் கொண்ட பதிவை அன்றே எழுதி வைக்கவும், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அதன் நகலைத் தரவும் சுற்றறிக்கை பிறப்பிக்க வேண்டும்.

இதற்கான பதிலை எங்கள் பகுதிக் கூட்டத்தில் படித்துக் காட்ட இருக்கிறோம். தமிழிலேயே எழுதித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
காரைக்குடி