ஆண்டறிக்கை: ஹால் உந்துபொறிகளும் பிளாஸ்மாவும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, கழக உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, இவ்வாண்டின் மாதக் கூட்டங்கள் யாவும் விண்கலங்களின் மின் உந்துபொறிகளுக்குள் நிகழும் பிளாஸ்மா இயற்பியலுக்கே ஒதுக்கப்பட்டன. அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து, அவையும் மின்னேற்றம் பெற்ற அயனிகளும் கலந்து நிற்கும் வாயுவே பிளாஸ்மா. 2017 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஜிசாட்-9 செயற்கைக்கோளில் இஸ்ரோ மின் உந்துதலைப் பயன்படுத்தியது முதல் நம் உறுப்பினர்களிடையே வளர்ந்து வந்த ஆர்வமே இத்தேர்வுக்குக் காரணம்.

தொடக்கக் கூட்டங்களில், சோவியத் நாட்டில் உருவாகி 1970களின் தொடக்கத்திலேயே விண்ணில் இயங்கிய ஹால் உந்துபொறியின் அமைப்பைப் பயின்றோம். வளைய வடிவக் குழாயில் குறுக்காக அமைந்த காந்தப்புலம் எலெக்ட்ரான்களைச் சிறைப்படுத்திச் சுழலச் செய்கிறது; அவை மோதுவதால் அயனியாகும் செனான் என்னும் எரிபொருள் வாயுவின் அணுக்கள், மிகுந்த நிறையுடையவை ஆதலால் காந்தப்புலத்திற்குக் கட்டுப்படாமல், மின்புலத்தால் முடுக்கப்பட்டு நொடிக்கு 15 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வெளியேறுகின்றன. 2003இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் ஸ்மார்ட்-1 கலத்தை நிலவுக்குக் கொண்டு சேர்த்த இத்தகைய பொறியின் உந்துவிசை, ஏறத்தாழ ஏழு கிராம் எடைக்கு ஈடானதே. ஆயினும் அது மொத்தம் 5,000 மணி நேரத்தை ஒட்டி இயங்கியது.

கூட்டங்களின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது ஒரே வினாதான். சிறைப்பட்டிருக்க வேண்டிய எலெக்ட்ரான்கள், அணுக்களுடனான மோதல்களை மட்டும் கணக்கிட்டால் கிடைக்கும் அளவைக் காட்டிலும் மிக வேகமாகக் காந்தப்புலத்தைக் கடந்து நேர்மின்வாயை அடைகின்றனவே, ஏன்? இந்தக் கசிவு மின்னோட்டம் மின்திறனை உண்கிறது, உந்துவிசை எதையும் தருவதில்லை. எலெக்ட்ரான்கள் சுழலும் திசையில் எழும் மிகக் குறுகிய அலைநீளமுள்ள கொந்தளிப்புகளே இதற்குக் காரணம் என்று பல ஆய்வாளர்கள் கருதினாலும், கணினி மாதிரிகள் பலவற்றில் இக்கசிவின் அளவு இன்றும் சோதனை முடிவுகளுக்குப் பொருந்துமாறு இடப்படும் எண்ணாகவே இருக்கிறது. இத்துறையின் மையச் சிக்கல் இதுவே என்பது என் உறுதியான கருத்து. இதைத் தீர்க்காத வரையில் ஒவ்வொரு புதிய பொறியையும் ஆயிரக்கணக்கான மணி நேரம் இயக்கிப் பார்த்தே நம்ப வேண்டியுள்ளது. அச்சோதனையும் முழு நம்பிக்கைக்கு உரியதன்று. தரையில் சோதனை நடக்கும் வெற்றிட அறையில் எஞ்சியிருக்கும் வாயு பொறிக்குள் புகுந்து அயனியாவதால், தரையில் அளந்த செயல்திறன் விண்வெளியில் கிடைப்பதிலிருந்து வேறுபடக்கூடும்.

அயனிகள் மோதிக் குழாயின் பீங்கான் சுவர் தேய்வதையும், காந்தப்புலக் கோடுகளைச் சுவரை ஒட்டி வளைத்து அத்தேய்மானத்தைப் பெருமளவு குறைக்கும் முறையையும் ஒரு கூட்டத்தில் விவாதித்தோம். விலை மிகுந்த செனானுக்கு மாற்றாக, இணைய சேவை தரும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் முதலில் கிரிப்டானும் பின்னர் ஆர்கானும் இடம்பெற்றுள்ளன. இவ்வாயுக்களின் அணுக்கள் செனானைவிட இலேசானவை. அயனியாக்குவதற்கு அதிக ஆற்றலும் தேவை. இதனால் பிளாஸ்மாவில் நேரும் மாற்றங்களை வரும் ஆண்டின் பொருளாகக் கொள்ளச் செயற்குழு பரிந்துரைக்கிறது.

தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைப்பார். கடினமான சமன்பாடுகளைப் பள்ளி மாணவர்களும் பின்தொடரும் வண்ணம் கரும்பலகையில் விளக்கிய ஆசிரிய உறுப்பினர்களுக்குக் கழகம் கடமைப்பட்டுள்ளது. இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்