வாடகை இல்லாத கடையில் காபி ஏன் 25 ரூபாய்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, சேலத்தில் காபி விற்கும் நீல வண்டிக்காரர்களின் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். செப்டம்பர் 1, திங்கட்கிழமை முதல் நம் வண்டியில் ஒரு டம்ளர் காபி 25 ரூபாய். 2022-ல் வண்டியை முதன்முதலில் நிறுத்திய நாளிலிருந்து இதுவரை 20 ரூபாய்தான்.

போன வாரமே இதைச் சிலரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிப் பார்த்தோம். பெரும்பாலானவர்கள் தலையாட்டினார்கள். காலை நடை முடித்து வருகிற, பணி ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்ப்பா, வண்டிதானே? வாடகை கிடையாது, கரண்டு பில் கிடையாது. கடைக்காரன் வாங்குற வெலையே நீயும் வாங்குனா எப்படி?" என்றார். அந்த நேரத்தில் எங்களுக்குப் பதில் வரவில்லை. பின்னால் ஆறு பேர் நின்றார்கள், பால் பொங்கிக்கொண்டிருந்தது. ஐயா, உங்களுக்கான பதில்தான் இந்தக் கடிதம். மற்றவர்களும் படிக்கலாம்.

முதலில் டம்ளருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஒரு காபிக்கு 8 கிராம் தூள், 90 மில்லி பால். தூள் இன்றைக்கு கிலோ 920 ரூபாய்க்கு வாங்குகிறோம், ஆக 7 ரூபாய் 40 காசு. பால் 4.70. சர்க்கரை 40 காசு. கேஸ் ஏறக்குறைய 1 ரூபாய். மொத்தம் 13.50. இருபதில் மிச்சம் ஆறரை ரூபாய். நாளுக்கு சராசரி 200 டம்ளர் போகிறது, அதனால் கையில் 1300 ரூபாய்.

அதிலிருந்து உதவிக்கு இருக்கும் தம்பிக்குச் சம்பளம் 500. வண்டிக் கடன் நாள் கணக்கில் 280. டீசல் 110. இன்சூரன்ஸ், எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று), டயர் என்று எடுத்துவைப்பது 100. கடைசியாக ஒரு 150 இருக்கிறது, அது வாடகை. ஆமாம் ஐயா, வாடகைதான். அதைப் பிறகு சொல்கிறோம். எல்லாம் போக மிச்சம் 160 ரூபாய். விடிகாலை மூன்றரைக்கு எழுந்து பதினொரு மணிக்குப் பாத்திரம் கவிழ்க்கிற புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சேர்த்து.

2022-ல் இதே தூள் கிலோ 560 ரூபாய். அந்த வித்தியாசம் மட்டும் நாளுக்கு 575 ரூபாய்க்கு மேல் தின்கிறது. ஏன் இப்படி ஏறியது என்று தூள் கடைக்காரரைக் கேட்டால் "மேல ஏறிடுச்சு" என்பார். ஏற்காட்டைச் சொல்கிறாரோ என்று நினைத்தால், அவர் சொல்வது லண்டன், நியூயார்க் சந்தையை. வியட்நாமில் வறட்சி, பிரேசிலில் வறட்சி. காபியில் ரொபஸ்டா என்ற வகை உலகத்திலேயே அதிகம் விளைவது வியட்நாமில், அரபிகா என்ற வகை அதிகம் விளைவது பிரேசிலில். 2025 பிப்ரவரியில் அரபிகா ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 4 டாலரைத் தாண்டியது. அதற்கு முன் அப்படி ஒரு விலை வந்ததில்லை. நம் நாட்டில் விளைகிற காபியில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குப் போவதால், வெளியே என்ன விலையோ அதை ஒட்டித்தான் இங்கேயும். அஸ்தம்பட்டியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற சேர்வராயன் மலைத் தோட்டத்துக் கொட்டைக்கும் அதே கதை. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவதற்குள் விலை குறையப்போவதில்லை. பல வருடம் விலை இல்லாமல் காபிச் செடியை விட்டுவிட்டு மிளகுக் கொடியை மட்டும் நம்பி இருந்த தோட்டக்காரர்களுக்கு இப்போதுதான் நாலு காசு வருகிறது. அதற்காக நாங்கள் வருத்தப்பட முடியாது.

விலையை ஏற்றாமல் சமாளிக்க ஒரு வழி உண்டு. சிக்கரி, அதாவது காபித் தூளோடு கலக்கிற ஒரு வேர்த்தூள். காபியைவிடப் பல மடங்கு மலிவு, டிகாஷனுக்கு நிறமும் கெட்டித்தன்மையும் தரும். சட்டப்படி காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான். நம்முடையது 80-க்கு 20. அதை 60-க்கு 40 ஆக்கினால் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்துவிடுகிற மீதிப் பாதிப் பேரை நினைத்துத்தான் பயம். உண்மையைச் சொன்னால், மார்ச் மாதம் ஒரு நாலு நாள் 70-க்கு 30 போட்டுப் பார்த்தோம். ஐந்தாம் நாள் ஒரு அக்கா, "என்ன, தூள் கடை மாத்திட்டீங்களா?" என்று கேட்டார். அன்றைக்கே பழைய அளவுக்குத் திரும்பிவிட்டோம்.

இனி அந்த வாடகை விஷயம்.

ஆரம்பத்தில் எட்டு மணிக்கு மேல் ஒரு பெரிய சாலை ஓரத்தில் நின்றோமே, பலருக்கு நினைவிருக்கும். விற்பனை அங்கேதான் அதிகம். ஒரு நாள் போக்குவரத்துக் காவலர் வந்து எடுக்கச் சொன்னார், இன்னொரு நாள் அபராதம், அப்புறம் இன்னொரு அபராதம். தெரு வியாபாரிகளுக்கு 2014-ல் ஒரு மத்தியச் சட்டம் வந்திருக்கிறது. நகர விற்பனைக் குழு, விற்பனைச் சான்றிதழ் எல்லாம் அதில் உண்டு. தள்ளுவண்டிக்கும் நடைபாதைக் கடைக்கும் அது நல்ல கவசம். நம்பர் பிளேட் வைத்த குட்டி யானை (சின்ன சரக்கு வண்டி) வந்து நின்றால் மட்டும் அது கடையா, நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திய வண்டியா என்று கேள்வி வந்துவிடுகிறது. சண்டை போட்டிருக்கலாம். ஆனால் ஒரு நாள் நம் வரிசையில் நின்றவர்களின் பைக்குகளால் ஓர் ஆம்புலன்ஸ் அரை நிமிடம் நின்று போனதை இரண்டு பேரும் பார்த்தோம். அதற்குப் பிறகு அந்த இடத்துக்காக வாதாட வாய் வரவில்லை.

ஆகவேதான் இப்போது ஏற்காடு சாலையில் ஒருவருடைய காலி மனைக்குள் நிற்கிறோம். மாதம் 4000 ரூபாய். மரநிழல் இருக்கிறது, பைக் நிறுத்த இடம் இருக்கிறது, யாரும் எடுக்கச் சொல்வதில்லை. "வண்டின்னா எங்க வேணாலும் போலாமே" என்று இந்தத் தொழிலுக்கு வருமுன் நாங்களும் நினைத்தோம். போகலாம், நிற்கத்தான் முடியாது. வாடிக்கையாளர் நம்மைத் தேடி வருவது, நேற்று நின்ற இடத்தில் இன்றும் நிற்போம் என்ற நம்பிக்கையில்தான். ஓடுகிற கடையாக இருந்தும், முக்கால்வாசி உழைப்பு ஒரே இடத்தில் நிற்பதற்கே போகிறது.

கரண்டு பில் பற்றியும் கேட்டீர்கள். அதிலும் ஒரு கதை உண்டு, கொஞ்சம் வெட்கக்கேடானது. தொடங்கும்போது எங்களுக்கு எஸ்பிரெஸோ ஆசை. பழைய மெஷின் ஒன்றும் அதை ஓட்ட ஒரு ஜெனரேட்டரும் வாங்கினோம். அந்த மெஷின் வெந்நீரை 9 பார் (காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு) அழுத்தத்தில் தூளுக்குள் தள்ளி முப்பது நொடிக்குள் காபி எடுத்துவிடும். அதற்கான மின்சாரத்தை இன்வெர்ட்டர் தாங்காது. காந்தி ஸ்டேடியம் பக்கம் விடிகாலை ஐந்தேகாலுக்கு அந்த ஜெனரேட்டரை இழுத்து விட்டதும், நடக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! காபி கேட்டு வந்த ஒருவரும் நாங்களும் ஒருவர் காதில் ஒருவர் கத்திக்கொண்டோம். ஒன்றரை மாதத்தில் இரண்டையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டோம். நஷ்டம் எவ்வளவு என்று இங்கே எழுதப் போவதில்லை, வீட்டில் அது இன்னும் பேசக்கூடாத பேச்சு.

பித்தளை ஃபில்டருக்கு எந்தக் கரண்டும் வேண்டாம். கொதி அடங்கிய வெந்நீரை ஊற்றிவிட்டு விட்டால், தண்ணீரின் சொந்தக் கனமே அதைக் கீழே இறக்குகிறது. அதற்கு வேண்டியது நேரமும் ஆடாத தரையும். இரண்டாவதை நாங்கள் குரங்குச்சாவடி அருகே ஒரு வேகத்தடையில் கற்றுக்கொண்டோம். பெரிய ஃபில்டர் வண்டிக்குள் சாய்ந்து, தரை முழுக்க முதல் டிகாஷன். அன்றிலிருந்து வீட்டில் இறக்கி, ஃபிளாஸ்க்கில் அடைத்துக் கொண்டுவருகிறோம். மூன்றரை மணிக்கு ஒரு ஃபில்டர், ஆறரைக்குத் தம்பி பைக்கில் எடுத்துவருகிற இரண்டாவது ஃபில்டர். நாலு மணி நேரம் தாண்டினால் டிகாஷனில் மணம் போய்க் கசப்பு மட்டும் நிற்கும், திரும்பச் சுடவைத்தால் இன்னும் மோசம். பத்தரைக்கு மேல் வந்து "ஒண்ணே ஒண்ணு" என்று கேட்பவர்களுக்கு நாங்கள் கைவிரிப்பது இதனால்தான். திமிர் என்று நினைத்துவிட வேண்டாம்.

பேப்பர் கப் ஏன் இல்லை என்ற கேள்வியையும் தீர்த்துவிடுகிறோம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்புக்குத் தடை. சுற்றிலும் எல்லோரும் கொடுக்கிறார்களே என்றால், கொடுக்கிறார்கள்தான். எங்களுக்கு டபரா செட்டே சரி என்று பட்டது. ஆனால் அதைக் கழுவ நாளுக்கு 100 லிட்டர் தண்ணீர் சுமக்க வேண்டும், கழுவிய தண்ணீரைத் தெருவில் விடாமல் டிரம்மில் பிடித்துத் திரும்ப எடுத்துப்போக வேண்டும். தம்பியின் வேலையில் பாதி இதுதான். பார்சல் வேண்டுபவர்கள் தயவுசெய்து தூக்குப்போசியோ ஃபிளாஸ்க்கோ கொண்டு வாருங்கள்.

"நானும் இப்படி ஒரு வண்டி போடலாம்னு இருக்கேன்" என்று மாதத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறீர்கள். அவசரத்தில் முழுசாகச் சொல்ல முடிவதில்லை. எங்களுக்குப் பழைய குட்டி யானை 2 லட்சத்து 60 ஆயிரம், நாமக்கல் பக்கம் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் உள்வேலை 1 லட்சத்து 90 ஆயிரம், பாய்லர் பாத்திரமெல்லாம் தனி. காசைவிட முக்கியமான சில விஷயங்கள் உண்டு. பட்டறைக்குப் போகுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். வண்டியின் அமைப்பை மாற்றினால் அது ஆர்.சி. புத்தகத்தில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் எஃப்.சி.யில் மாட்டுவீர்கள், விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் மாட்டுவீர்கள். சிலிண்டர் நீல நிற 19 கிலோ, வீட்டுச் சிவப்பு சிலிண்டர் கூடாது. சங்கிலி போட்டுக் கட்டுங்கள், அந்த அறையில் தரையை ஒட்டி ஓட்டை விடுங்கள். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் மேலே போகாது, காலடியில் தேங்கும். உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுங்கள். நாங்கள் எடுத்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான், அதைத் தாண்டியதும் உரிமத்துக்கு மாறினோம்.

அப்புறம் ஜன்னல். வெளிநாட்டு காபி வண்டி வீடியோக்களைப் பார்த்துவிட்டு, விற்பனை ஜன்னலை வலப்பக்கம் வெட்டச் சொல்லிப் படம் வரைந்து கொடுத்தோம். பட்டறைக்காரர் படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "காபி வாங்குறவங்க நடுரோட்டுலயா நிப்பாங்க?" என்றார். அங்கே வண்டிகள் வலப்பக்கம் போகின்றன, ஜன்னலும் வலப்பக்கம். நமக்கு இடப்பக்கம். இந்த ஒரு கேள்விக்கே அவருக்குத் தனிக்கூலி கொடுத்திருக்க வேண்டும். ஆடிக் காற்றுக்கு அடுப்பு அணையும் என்பதை மட்டும் அவரும் சொல்லவில்லை. தகரத் தடுப்பு பிறகு நாங்களே அடித்தது.

சரி, அந்த ஐந்து ரூபாய் எங்கே போகிறது என்று சொல்லிவிட வேண்டும். 200 டம்ளருக்கு நாளுக்கு 1000 ரூபாய் கூடும். அதில் 100 தம்பியின் சம்பளத்துக்கு, இனி அவருக்கு 600. ஒரு 200 மழை நாளுக்காக ஒதுக்குகிறோம். ஐப்பசி அடைமழையில் அறுபது டம்ளர் விற்ற நாட்களிலும் 18 லிட்டர் பாலுக்குக் காசு கொடுத்துத்தான் ஆகிறது, மாட்டுக்காரரிடம் இன்றைக்கு வேண்டாம் என்று விடிகாலையில் சொல்ல முடியாது. மீதி எங்களுக்குத்தான். அதை மறைக்க விரும்பவில்லை. மூன்று வருடமாக 160 ரூபாய் என்றும் நினைத்துவிட வேண்டாம், முதல் இரண்டு வருடம் நன்றாகவே பார்த்தோம். இந்த வருடம்தான் கணக்கு நோட்டைத் திறக்கவே ஆளுக்கு ஆள் கைகாட்டிக்கொள்கிறோம்.

25 ரூபாய் கஷ்டம் என்பவர்களுக்கும், டாக்டர் குறைக்கச் சொன்னவர்களுக்கும் அரை டம்ளர் 15 ரூபாய்க்கு உண்டு. கேட்டு வாங்குங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வித்தவுட், ஸ்ட்ராங், லைட் எல்லாம் வழக்கம்போல் விலை மாற்றமில்லாமல். முன்பணமாக மாதக் கணக்கு வைத்திருப்பவர்களுக்குக் கட்டிய பணம் தீரும் வரை பழைய 20 ரூபாய்தான்.

காலை 5.15 முதல் 7.30 வரை காந்தி ஸ்டேடியம் பக்கம், 7.45 முதல் 10.30 வரை ஏற்காடு சாலை மனை. செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஐயா, திங்கட்கிழமை நீங்கள் வந்தால் முதல் டம்ளர் உங்களுக்கு. காசு வாங்குவோம்.

இப்படிக்கு,
நீல வண்டிக்காரர்கள்
சேலம், ஆகஸ்ட் 2025