கொம்போ பொட்டலத்துக்கு மதிப்பெண் போடுமுன்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் ஒரு தம்பி ஐந்து நாட்டு இராணுவ உணவுப் பொட்டலங்களை (பட்டாளத்து வழக்கில் கொம்போ) வாங்கி, வீட்டு மேசையில் வைத்துத் திறந்து, சாப்பிட்டுப் பார்த்து, மதிப்பெண் போட்டு எழுதியிருந்ததைப் படித்தேன். ஆர்வமாகத்தான் எழுதியிருக்கிறார், அவரைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் நம் மலேசிய நாட்டுப் பொட்டலத்தைக் கடைசி இடத்தில் வைத்து, சோறு கட்டியாக இருக்கிறது, பார்க்க அழகாக இல்லை என்று எழுதியிருந்தாரே, அது இரண்டு நாளாக எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் 21 ஆண்டு பட்டாளத்தில் இருந்தவன். செம்போயான், அதாவது செய்தித் தொடர்புப் பிரிவு. சுங்கை சிப்புட் தோட்டத்து லயத்தில் பிறந்து, பள்ளி முடிந்ததும் சேர்ந்தேன். என் முதுகில் ரேடியோ, மாற்று பேட்டரிகள், அதற்கு மேல்தான் சாப்பாடு. அதனால் ஒரு பொட்டலத்தைப் பார்த்ததும் ருசியைப் பற்றி யோசிக்குமுன் கையில் தூக்கிப் பார்ப்பேன், அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

முதலில் அந்தச் சோற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பொட்டலத்தில் வரும் சோறு, பையை மூடி ஒட்டிய பிறகு உள்ளேயே 121 டிகிரி வரை சூடேற்றப்பட்டு வருவது. கிருமி சாகவேண்டும் என்பதற்காக அந்தச் சூடு. அப்புறம் ஆறியதும் சோற்றிலுள்ள மாவுச்சத்து இறுகிவிடும். நம் வீட்டில் முதல் நாள் சோற்றைக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் எடுத்தால் விறைத்துப்போய் இருக்குமே, அதே கதைதான். கொதிக்கிற தண்ணீரில் பையோடு போட்டு, நன்றாகச் சூடேறியபின் பிரிக்காமலே கையால் பிசைந்துவிட்டுத் திறந்தால் சோறு மெத்தென்று உதிரும். தம்பி எவ்வளவு நேரம் சூடாக்கினார் என்று எழுதவில்லை. படத்தைப் பார்த்தால் சரியாகச் சூடாக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நாங்கள் சாப்பிட்ட காலத்துக் கொம்போ வேறு. 80களில் கெரிக் காட்டில், தாய்லாந்து எல்லைப் பக்கம் ரோந்து போவோம். 1989 டிசம்பர் 2ஆம் தேதி ஹாட்யாயில் மலாயா கம்யூனிஸ்டு கட்சியோடு சமாதான ஒப்பந்தம் ஆகும்வரை அந்தக் காடு விளையாட்டுக் காடு இல்லை. டின் சாடின் மீன், டின் கறி, பீன்ஸ், கெட்டி பிஸ்கட், பச்சரிசி, தேத்தூள், சீனி. மெஸ் டின்னில் அரிசியைப் போட்டு, வெள்ளை எரிகட்டியைப் பற்றவைத்துச் சமைப்பதுதான். அந்தக் கட்டியின் நாற்றம் சோற்றிலேயே இறங்கிவிடும், பாத்திரத்தின் அடியில் பிடிக்கிற கரியோ கையில் ஒட்டினால் போகாது. இருட்டுமுன் சமைத்துச் சாப்பிட்டு முடித்து, அங்கிருந்து நகர்ந்து வேறு இடத்தில் போய்ப் படுக்கவேண்டும். மழை பெய்தால் சோறு அரைவேக்காடு. காலி டின்களை ஓட்டை போட்டு, மிதித்துத் தட்டையாக்கிக் குழிதோண்டிப் புதைப்போம், எதிரி கையில் கிடைத்தால் எதற்கும் பயன்படக்கூடாது என்பதற்காக.

ஓட்டை போட்ட டின் என்றதும் என் அம்மா நினைவுக்கு வருகிறார். 1948 ஜூன் 16ஆம் தேதி எங்கள் ஊருக்குப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக்கொல்லப்பட்டதிலிருந்துதான் அவசரகாலம் தொடங்கியது என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக்கூடாது என்று அரசாங்கம் உணவுக் கட்டுப்பாடு போட்டது. அரிசி அளந்துதான் கிடைக்கும். கடையில் டின் வாங்கினால் கடைக்காரர் உங்கள் கண்முன்னால் அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்கவேண்டும். அன்றைக்கே தின்று தீர்க்காவிட்டால் கெட்டுவிடும், ஒளித்துவைக்க முடியாது. கெடுபிடி அதிகமான இடங்களில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோகவும் தடை. விடியுமுன் பசியாறிவிட்டுப் போனால் வேலை முடிந்து வரும்வரை வயிறு காயும். அந்த நாளில் தோட்டத்துக்குப் பக்கத்தில் கூர்க்கா பட்டாளம் முகாம் போட்டிருந்தபோது ஒரு சிப்பாய் சிறுமியாக இருந்த அம்மாவுக்கு ஒரு சின்ன டின்னைக் கொடுத்தாராம். உள்ளே சீஸ். அம்மா அதைச் சவுக்காரம் என்று நினைத்து அவங்க அம்மாவிடம் துணி துவைக்கக் கொடுத்துவிட்டார். அம்மா அதைச் சொல்லும்போது எனக்கு ஒரு பக்கம் வருத்தமாகத்தான் இருக்கும். ஓட்டை இல்லாத முழு டின் அன்றைக்கு வீட்டுக்கு வந்தது அது ஒன்றுதானாம்.

சரி, மற்ற நாட்டுச் சாப்பாட்டுக்கு வருகிறேன்.

90களில் ஐ.நா. படையோடு போஸ்னியாவுக்குப் போனோம். எங்கள் மலேசியப் பட்டாளம் கோன்யிட்ஸ், யாப்லானிட்சா பக்கம் இருந்தது. அங்கேதான் முதன்முதலாகப் பல நாட்டுப் பெட்டிகளைப் பார்த்தேன். பிரெஞ்சுக்காரர்களின் பெட்டிக்கு எப்போதும் கிராக்கி, ஒன்று கொடுத்தால் அமெரிக்கப் பொட்டலம் இரண்டு மூன்று வாங்கலாம் என்று பேசிக்கொள்வார்கள். ஒரு நாளைக்கு வேண்டிய எல்லாமே அதில் இருக்கும், மடித்துவைத்த குட்டித் தகர அடுப்பும் எரிகட்டியும் தீக்குச்சியும்கூட. டின்னைத் திறந்தால் நிஜமான சமையல் வாசனை வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்ன இறைச்சி என்று பிரெஞ்சில் எழுதியிருப்பது எங்களுக்குப் புரியாது. மலாய் நண்பர்கள் பன்றியோ என்று தொடமாட்டார்கள், நானோ மாட்டிறைச்சி சாப்பிடாதவன், நானும் தொடமாட்டேன். கடைசியில் சாக்லேட்டையும் காப்பியையும் எடுத்துக்கொண்டு மீதியை யாருக்காவது கொடுத்துவிடுவோம். ஸ்பெயின்காரர்கள் பெட்டியில் மீன் டின் வரும், எண்ணெயில் ஊறிய மீன். அதில் நான் கொண்டுபோன மிளகாய்த்தூளைத் தூவி ரொட்டியோடு சாப்பிட்டால், அந்தக் குளிரில், அமிர்தம். எந்தப் படையில் இருந்தாலும் நம்மவர் பையில் ஒரு மிளகாய்த்தூள் டப்பாவோ ஊறுகாயோ இல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. காட்டில் டின் மாட்டுக்கறி வந்தால் என் பக்கத்தில் இருந்த கிளந்தான் நண்பரிடம் கொடுப்பேன். கேட்காமலே அவர் தன் சாடினை என் மெஸ் டின்னில் வைத்துவிடுவார். இருபது வருஷத்தில் அதற்காக நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

போன தீபாவளி விடுமுறையில் என் மருமகன் அமெரிக்கப் பொட்டலம் கொஞ்சம் வாங்கிவந்தார். கிள்ளான் லிட்டில் இந்தியாவிலிருந்து இந்தியப் பொட்டலங்கள் வந்தன, நம் ஊர்ப் பொட்டலம் ஒரு பழைய நண்பரிடம் இருந்தது. பழைய பட்டாளத்து ஆட்கள் நாலுபேர் சேர்ந்து, வீட்டில் சாப்பிடாமல் எங்கள் ஊருக்குப் பக்கத்து லாசா பக்கம் காட்டுக்குள் காலையிலிருந்து நடந்து, களைத்து, மழையில் நனைந்தபிறகு உட்கார்ந்து பிரித்தோம். மேசையில் சாப்பிடுவதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை அந்தத் தம்பி ஒருமுறை செய்துபார்த்தால் தெரிந்துகொள்வார்.

அமெரிக்கப் பொட்டலத்தில் எனக்கு மிகவும் பிடித்தது சூடாக்கும் பைதான். உள்ளே மக்னீசியமும் இரும்பும் உப்பும் கலந்த தூள், கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றினால் தானாகக் கொதிக்கிறது, பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சாப்பாடு சூடு. பையைச் சாய்த்துவைக்க, 'கல் அல்லது ஏதாவது ஒன்று' என்று படம் போட்டு எழுதியிருக்கிறார்கள். புகையில்லை, தீயில்லை, வெளிச்சமில்லை. கெரிக்கில் எங்களுக்கு இது இருந்திருந்தால்! ஆனால் அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், மூடிய கூடாரத்துக்குள் செய்யக்கூடாது. தம்பி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்ததாக எழுதியிருந்தார், இனிமேல் செய்யவேண்டாம் என்று சொல்லுங்கள்.

சாப்பாடு? ஒரு பொட்டலத்தில் சராசரி 1,250 கலோரி, மூன்று சாப்பிட்டால் ஒரு நாளைக்குப் போதும். உப்பு, கொழுப்பு, இனிப்பு எல்லாம் தாராளம். கெட்டி பிஸ்கட்டும் கடலை வெண்ணெயும் தொண்டையில் அடைக்கும், தண்ணீர் கூடவே வேண்டும். தொடர்ந்து 21 நாளுக்குமேல் இதை மட்டும் சாப்பிடவேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள். எங்கள் நாலுபேருக்கும் வயிறு நிறைந்தது, ஆனால் சாப்பிட்ட மாதிரியே இல்லை. இந்தியப் பொட்டலத்தைப் பிரித்ததும்தான் முகம் மலர்ந்தது. மைசூரில் 1961இல் தொடங்கிய பாதுகாப்புத்துறை உணவு ஆய்வுக்கூடம் மாதக்கணக்கில் கெடாத சப்பாத்தி, உப்புமா மாவு, சூஜி அல்வா, காய்கறி புலாவ் என்று இராணுவத்துக்காகவே செய்து கொடுத்திருக்கிறது. வெந்நீர் ஊற்றிய உப்புமா, பெருங்காய வாசனையோடு, அந்த மழையில். ஒருவர் விரலை வழித்துச் சாப்பிட்டார். நம் ஊர்ச் சோறும் கறியும் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. அமெரிக்கப் பொட்டலத்தில்தான் பாதிக்குமேல் மீந்தது.

நான் சொல்லவருவது இந்த மீந்ததைப் பற்றித்தான். பொட்டலத்தில் எத்தனை கலோரி அச்சடித்திருந்தாலும், ஆள் சாப்பிடாமல் தூக்கிப்போட்டால் அது அவன் முதுகில் சும்மா சுமந்த கல்தான். அமெரிக்கர்களும் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். ஆரம்பத்தில் 12 வகைதான் இருந்தது, வீரர்கள் குறை சொல்லச் சொல்ல 90களில் 24 வகையாக்கி, சைவமும் சேர்த்தார்கள். ஆகவே மதிப்பெண் போடும்போது யார் சாப்பிடப்போகிறார், அவர் நாக்கு எதற்குப் பழகியது, அவர் எதைத் தொடமாட்டார் என்று பார்த்துப் போடவேண்டும். நம் பொட்டலம் கடைசி இடத்துக்குப் போகவேண்டியது இல்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவுக்கு எங்கள் ஊரிலிருந்து லோரியில் சாமான் கொண்டுபோனோம். அங்கே ஒரு பாட்டி, எழுபது வயதுக்குமேல் இருக்கும், யாரோ கொடுத்த உதவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே மாட்டுக்கறி டின் இரண்டு, மேகி மீ நாலு, பிஸ்கட். "இது என்ன கறி தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். டின்னை மெதுவாகப் பக்கத்தில் வைத்துவிட்டார். மேகி வேகவைக்க அடுப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை. இரண்டு நாளாகப் பிஸ்கட்தான் சாப்பிட்டிருக்கிறார். நல்ல மனசோடுதான் யாரோ அந்தப் பையைக் கட்டியிருப்பார்கள், ஆனால் வாங்குகிறவரை நினைக்காமல் கட்டிவிட்டார்கள்.

நவம்பரில் மழை தொடங்கிவிடும். எத்தனையோ கோயில்களும் சங்கங்களும் உதவிப் பை கட்டத் தொடங்கும். அவர்களுக்கு உங்கள் பத்திரிகை மூலம் கேட்டுக்கொள்கிறேன். சமைக்காமலே திறந்து சாப்பிடக்கூடிய சோறு, பருப்பு, சாடின் வையுங்கள். சைவமா, கோழியா, மாடா என்று மேலே பெரிய எழுத்தில் தமிழில் ஒட்டுங்கள். ஒரு சின்னப் பொட்டலம் ஊறுகாய் சேருங்கள், அது இருந்தால் ஆறிப்போன சோறுகூட உள்ளே இறங்கும். பைகளைத் தகரக் கூரை ஸ்டோரில் போட்டு வைக்காதீர்கள். 27 டிகிரியில் மூன்று வருஷம் தாங்கவேண்டும் என்று அளவு வைத்துச் செய்கிற அமெரிக்கப் பொட்டலத்துக்கே 38 டிகிரியில் ஆறு மாதம்தான் கணக்கு, மத்தியான வெயிலில் நம் தகரக் கூரைக்குக் கீழே எவ்வளவு சூடு என்று சொல்லவே வேண்டாம்.

எங்கள் குழு அடுத்த மாதம் கோயில் மண்டபத்தில் நூறு பை கட்டுகிறது. அந்தத் தம்பிக்கும் சொல்லுங்கள் ஐயா, எந்தப் பொட்டலம் எப்படி என்று நன்றாகப் பார்க்கத் தெரிந்தவர், வந்து உதவி செய்தால் சந்தோஷப்படுவோம். மறுநாள் காலையில் லாசா பக்கம் கூட்டிக்கொண்டு போகிறேன். நம் ஊர்ப் பொட்டலம் என் செலவு, வெந்நீரும் நானே வைத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர்,
சுங்கை சிப்புட், பேராக்.