இரவு எட்டு மணிக்கு மீட்டிங் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மன அழுத்தத்தில் அளவுமீறிச் சாப்பிடுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நாக்கைக் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அது முடிந்ததில் எனக்கு வருத்தம். பெங்களூரு மடிவாளாவில் மெஸ் நடத்துகிறேன். மதுரை, சேலம், திருநெல்வேலிப் பக்கமிருந்து ஐ.டி. வேலைக்கு வந்து பி.ஜி. என்கிற வாடகை விடுதிகளில் தங்கியிருக்கும் பிள்ளைகள்தான் பெரும்பாலும் சாப்பிட வருகிறார்கள். அவர்களைக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நமக்கு இரவு ஏழரை என்றால் நியூயார்க்கில் கோடையில் காலை பத்து, குளிர்காலத்தில் ஒன்பது. அங்கே வேலை சூடுபிடிக்கும் நேரம், இங்கே நான் சாதம் வடித்து வைத்திருக்கும் நேரம். அமெரிக்காக்காரர்களோடு பேசும் போன் மீட்டிங் முடிந்து இவர்கள் வரும்போது பத்தரை, பதினொன்று ஆகிவிடுகிறது. பசி மந்தித்துப் போயிருக்கும், மனசு மட்டும் அடங்காது. "அக்கா, காரமா ஏதாவது இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. என்னிடம் இல்லையென்றால் போனில் பிரியாணி வரும், கூடவே ஐஸ்கிரீமும் வரும். மேலதிகாரியிடம் திட்டு வாங்கிய நாளில் இரண்டு பேர் சாப்பாடு ஒருவருக்கே போகும். வேலையை எடைபோட்டுச் சம்பள உயர்வை முடிவு செய்யும் அப்ரைசல் சமயத்தில் இது இன்னும் மோசம்.

அப்புறம் தூக்கம். 2004-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரமே தூங்கவிட்டுப் பார்த்தார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஏறியது, போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்கியது. இனிப்பின் மேலும் உப்பு நொறுக்குத்தீனியின் மேலும் ஆசை கூடியது. உடம்பே இப்படி இழுக்கும்போது அந்தப் பிள்ளை எதைக் கட்டுவது?

கட்டுரையாளர் ஆறுதல் சாப்பாட்டையே குற்றவாளி ஆக்கியதும் சரியில்லை. ஊரை விட்டு வந்தவர்களுக்கு அம்மா வைத்த மாதிரி ஒரு ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் ஆறுதல்தான், இருக்கட்டுமே! நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டால் திட்டு வாங்கிய கதையும் பேச்சிலேயே கரைந்து போகிறது. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, போனைப் பார்த்தபடி, எவ்வளவு உள்ளே போனது என்றே தெரியாமல் சாப்பிடுவதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

சிலருக்கு இது பழக்கத்தைத் தாண்டிப் போய்விடும். வயிறு வலிக்கும்வரை ஒளித்துச் சாப்பிட்டுவிட்டு வெட்கத்தில் குறுகுவது வாராவாரம், மாதக்கணக்கில் தொடர்ந்தால் அது நோய். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013-லேயே அதைத் தனி நோயாகச் சேர்த்துவிட்டது. எங்கள் பக்கத்து ஓசூர் ரோட்டில்தான் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. நேரில் போகத் தயங்குகிறவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம். அரசு நடத்தும் இலவச மனநல ஆலோசனை சேவை, தமிழிலும் பேசலாம். கட்டுரையில் இந்த எண்ணாவது இருந்திருக்க வேண்டும்.

கம்பெனிகள் பேன்ட்ரியில் சிப்ஸும் பிஸ்கட்டும் நிரப்பி வைத்துவிட்டுச் சலுகை என்கின்றன. அதற்குப் பதில் ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவே அரை மணி நேரம் யாரும் அழைக்கக் கூடாது என்று ஒரு விதி போடட்டும். அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது டயட்டீஷியனோடு ஓர் ஹெச்.ஆர். அதிகாரியையும் பேட்டி எடுங்கள். சாப்பிடும் நேரத்தில் யார் மீட்டிங் வைக்கிறார்கள், ஏன் வைக்கிறார்கள் என்று அவர் பதில் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மடிவாளா, பெங்களூரு